“நடந்துதானே வந்தீங்க?” என்று ஒரு நோயாளியைத் தானே கேட்போம் என்று அவள் நினைத்ததில்லை.

முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்யும் கைரோபிராக்டிக் சிகிச்சைதான் அவள் தொழில். தெருவில் எல்லோருக்கும் அவள் ‘நெட்டி டாக்டர்’. அன்று காலை சுவரைப் பிடித்தபடி உள்ளே வந்தவர் யாரென்று பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஏழு வருடங்களுக்கு முன் அவள் அக்கா வேலை பார்த்த கிடங்கின் சூப்பர்வைசர் அவர். டைல்ஸ் பெட்டி தூக்கியதில் அக்காவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வேறு வேலை கேட்டுப் போனவளிடம், இருபது பேர் முன்னால், “வலியா? நடந்துதானே வந்தே? நல்லா நடிக்கிறே” என்று சிரித்து, மறுபடியும் பெட்டி தூக்க அனுப்பினார். அந்த வாரமே முதுகெலும்பில் டிஸ்க் எனப்படும் வட்டு பிதுங்கியது. வேலையும் போயிற்று. இன்றும் அக்காவால் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் உட்கார முடியாது.

அவருக்கு இவளை அடையாளம் தெரியவில்லை. கால் மரத்துப்போகிறதா, சிறுநீர் போவதில் சிரமமா என்று கேட்டாள். காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாள். எக்ஸ்ரேயையும் பார்த்தாள். ஆபத்தாக எதுவுமில்லை. இடுப்பு மூட்டு இறுகிக் கிடந்தது, அவ்வளவுதான்.

“படக்குன்னு சத்தம் வருமாமே? எலும்பு உடைஞ்சிடாதே?”

“உடையாது. மூட்டுக்குள்ள இருக்கற வாயுவோட சத்தம் அது. விரல்ல நெட்டி முறிக்கிறோமே, அப்படி. ரெண்டு நாள் உடம்பு அடிச்சுப்போட்ட மாதிரி இருக்கும். ஒரே தடவையில சரியாகும்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க.”

முகம் வைக்க ஓட்டையுள்ள மேசையில் அவரைக் குப்புறப் படுக்கவைத்தாள். உள்ளங்கையை இடுப்பில் பதித்தாள். கொஞ்சம் கூடுதலாக ஓர் அழுத்து போதும். அந்த எண்ணம் வந்த வேகத்தில் பயந்து கையை எடுத்துவிட்டாள்.

“வலி பத்துக்கு எவ்வளவு?”

“ஒன்பது இருக்கும்மா.”

“பார்த்தா அப்படித் தெரியலையே. நடந்துதானே வந்தீங்க? நல்லா நடிக்கிறீங்க.”

“நான் எதுக்கும்மா பொய் சொல்லப்போறேன்?”

“டைல்ஸ் பெட்டி தூக்கின எங்க அக்காவும் இதையேதான் உங்ககிட்ட கேட்டா.”

ஓட்டைக்குள் இருந்த முகம் அசையவில்லை. பின்கழுத்து மட்டும் சிவந்துகொண்டே வந்தது.

“அந்தப் பொண்ணு நடிக்கலைன்னு எனக்கு அப்பவே தெரியும்” என்றார் கடைசியில். “ஆள் பத்தல. ஒருத்தியை விட்டா எல்லாரும் கேப்பாங்கன்னு... பாரம் தூக்கக்கூடாதுன்னு கம்பெனி டாக்டர் எழுதின சீட்டை நான்தான் மேல அனுப்பாம வச்சுட்டேன்.”

அவர் சீட்டை அமுக்கிவைத்தது இதுவரை அவளுக்குத் தெரியாது. கொஞ்சம் பொறுத்துப்போயிருக்கலாமே என்று பெற்ற தாயே அக்காவைக் குத்திக்காட்டிய வீடு அவர்களுடையது.

“எழுந்திருங்க.”

“வைத்தியம்?”

“இப்ப சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டு ஹெட் ஆபீசுக்கு அனுப்புங்க. நகலோட வாங்க. அதுவரைக்கும் என் கை உங்கமேல படாது.”

“வேலை போயிடும்மா. ஏற்கெனவே ரெண்டு இடத்துல காட்டிட்டுத்தான் இங்க வந்தேன்.”

“அப்ப நாலாவது இடம் தேடுங்க.”

மேசையிலிருந்து இறங்க அவருக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். பார்க்கப் பார்க்க இனித்தது.

எட்டாம் நாள் வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. நகலை இரண்டு முறை படித்தாள். பிறகு அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சை விடச்சொல்லி, ஒரே அழுத்து. ‘படக்’கென்றது. அவர் அலறினார். கூட்டாமல் குறைக்காமல், மற்றவர்களுக்குச் செய்வது போலவே செய்தாள்.

மூன்றாவது முறை அவர் வருவதற்குள் கிடங்கில் வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். தவறு தங்கள் பக்கம்தான் என்று ஹெட் ஆபீசிலிருந்து அக்காவுக்குக் கடிதம் வந்தது. அக்கா நின்றபடியே அதைப் படித்தாள்.

“வேலை போயிடுச்சா அவனுக்கு?”

“போயிடுச்சு.”

“இடுப்பு வலி?”

“குறைஞ்சிட்டு வருது.”

“அதை மெதுவாக் குறைடி” என்றாள் அக்கா.