சிறை பார்க்கப் போன பதினெட்டு பேர்

"இன்னிக்கு அங்க வந்து எதுவும் கேக்காதம்மா" என்றான் கெல்வின். காலை ஆறரை மணி. சீருடைச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டபடி என் சமையலறையில் நின்றுகொண்டிருந்தான். பிஸ்கட்டில் ஒரு வாய் கடித்துவிட்டு மீதியைத் தட்டிலேயே வைத்திருந்தான். நான்கு நாட்களாக இதே கதைதான். நான் சுட்ட பிஸ்கட்டை மிச்சம் வைக்கிற பிள்ளை இல்லை அவன்.

"நான் என்னடா கேக்கப் போறேன்?"

"எதுவும் வேணாம். சுத்திக் காட்டுவாங்க, பாரு. பீச் பை செஞ்சு வச்சிருப்பாங்க, சாப்பிடு. கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்கு வந்துடு. எனக்கு இந்த வேல வேணும்மா."

அது எனக்குத் தெரியாதா? கவுண்டி சிறையில், அதாவது எங்கள் மாவட்டச் சிறையில், அவன் காவலனாகச் சேர்ந்து எட்டு மாதம். மருமகள் டெஸ்ஸாவுக்கு வயிற்றில் ஏழு மாதம். குழந்தையின் இதயத்தில் ஏதோ சத்தம் கேட்கிறது, பிறந்த கையோடு அட்லாண்டாவுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்கெல்லாம் இந்த வேலையோடு வரும் மருத்துவக் காப்பீட்டைத்தான் நம்பியிருந்தோம். எங்கள் ஊரில் சிறையும் போலீஸும் ஷெரிஃப் கையில்தான்; அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், காவலனுக்கு அன்றே வேலை போய்விடும். அதனால் சரி என்று தலையாட்டினேன். மனதாரத்தான் ஆட்டினேன்.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். மார்ச் மாதம் நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்து, கிராண்ட் ஜூரியில் உட்கார வேண்டியதாகிவிட்டது. மொத்தம் பதினெட்டு பேர். அரசு வக்கீல் வழக்குகளைச் சொல்வார். இன்னார் மேல் வழக்கு நடத்தலாமா கூடாதா என்று நாங்கள் கை தூக்குவோம். இதுபோக ஜார்ஜியாவில் எங்களுக்கு இன்னொரு கடமை உண்டு. அரசாங்கம் ஆட்களைப் பூட்டி வைத்திருக்கும் இடத்தை ஊர்க்காரர்களாகிய நாங்கள் நேரில் போய்ப் பார்த்து, இப்படி இருக்கிறது என்று எழுதித் தர வேண்டும். அந்த நாள்தான் அந்த வியாழக்கிழமை.

எங்கள் தலைவர் மிஸ்டர் ஸ்பைவி. முப்பது வருடம் எட்டாம் வகுப்புக்கு வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். காபி இடைவேளையில் அவரைப் பேசவிட்டால் போதும், கோப்பை ஆறிப்போகும்.

"இங்கிலாந்து ராஜாவோட ஆளுங்க நெனச்ச நேரத்துல, நெனச்ச வீட்டுக்குள்ள நுழைஞ்சாங்க" என்பார். "அதப் பொறுக்க மாட்டாமதான் இந்த நாடே பொறந்துச்சு. அதிகாரம் கையில இருக்கறவன் நல்லவனாவே இருக்கட்டும், அவன் மேல ஒரு கண்ணு வச்சுக்கணும். அதுக்குத்தான் நம்மள இங்க உக்கார வச்சிருக்காங்க."

"என் மாட்டுக் குளத்த அளக்கறதுக்கு வாஷிங்டன்லேர்ந்து அதிகாரி டேப்ப எடுத்துக்கிட்டு வர்றான் சார்" என்பார் டிலார்ட். கோழிப்பண்ணைக்காரர். நாள் தவறினாலும் அவர் வாயில் அந்தக் குளம் தவறாது. "இதுக்கு அந்த ராஜாவே தேவல."

ஒரு நாள் நான் கேட்டேன். "ஜெயில்ல இருக்கறவனுக்கும் இதெல்லாம் உண்டா சார்?"

"உள்ள போனவன் என்னத்தையாவது பண்ணியிருப்பான்ல" என்றார் டிலார்ட். "போலீஸ அவங்க வேலையப் பாக்க விடுங்க."

ஸ்பைவி கோப்பையைக் கீழே வைத்தார். "தீர்ப்பு வர்ற வரைக்கும் அவனும் நம்மள மாதிரி ஆளுதான், ஓர்லீன். நமக்குப் பிடிக்காதவன நாம எப்படி வச்சிருக்கோம்ங்கறதுலதான் இந்த நாடு நாடா இல்லையான்னு தெரியும்." அன்று எனக்குப் புல்லரித்துப் போயிற்று. பள்ளியில் இவரிடம் படிக்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

சிறை வாசலில் ஷெரிஃப் ராய்ஸ் ஹட்டோ தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வரவேற்றார். அவரும் ஸ்பைவியிடம் எட்டாம் வகுப்புப் படித்தவர்தான். "சார், பாத்து, படி இருக்கு" என்று கிழவரின் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். என்னைப் பார்த்து, "மிஸ் ஓர்லீன், உங்க பையன் தங்கம்" என்றார். கெல்வின் சுவரோரமாக விறைத்து நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

எல்லாம் பளிச்சென்று இருந்தது. புது வர்ணத்தின் வாடை மூக்கில் ஏறியது. சமையல்கூடத்தைப் பார்த்தோம், துணி துவைக்கிற இடத்தைப் பார்த்தோம், பெண்கள் பகுதியில் நான்கு பேர், ஆண்கள் கூடத்தில் ஆரஞ்சு உடையில் வரிசையாக உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள், மருந்து கொடுக்கும் அறையில் இரண்டு பேர். எல்லாரும் குளித்துத் தலைவாரியிருந்தார்கள். என்னோடு வந்தவர்கள் தேவாலயத்துக்கு வந்தது போல மெல்லக் குரலில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அந்த நிமிடம் வரை குறை சொல்ல எதுவும் தென்படவில்லை.

ஆனால் நான் எண்ணிவிட்டேன். வேண்டுமென்று எண்ணவில்லை. இருபத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டினால் தலைகளை எண்ணாமல் கண் சும்மா இராது. ஏறியவர்கள் எல்லாரும் இறங்கினார்களா என்று ஒவ்வொரு நாளும் கடைசி இருக்கை வரை நடந்து பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்த வேண்டும். அது விதி. ஒரு முறை நான் சோம்பல்பட்டு நடக்காமல் இறங்கியிருந்தால், கடைசி இருக்கைக்கு அடியில் தூங்கிப்போன ஐந்து வயதுப் பெண் ஆகஸ்ட் வெயிலில் வெந்தே செத்திருப்பாள். வாசல் பக்கத்து வெள்ளைப் பலகையில் கறுப்பு மையால் 'இன்று 41' என்று எழுதியிருந்தது. நான் பார்த்தது நாற்பது.

திரும்பி வருகிற வழியில், மருந்தறையைத் தாண்டி, ஒரு இரும்புக் கதவு. அதைக் கடக்கும்போது ஷெரிஃப் நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டார்.

"இது என்ன ரூம்?" வாய் கேட்டுவிட்டது. காலையில் கெல்வினிடம் சரி என்று ஆட்டிய அதே தலையில் இருக்கிற வாய்தான்.

"ஸ்டோர் ரூம், மிஸ் ஓர்லீன். பெயின்ட் டப்பா."

"பலகையில நாப்பத்தியொண்ணுன்னு போட்டிருக்கு. நான் நாப்பது பேரத்தான் பாத்தேன்."

நடை நின்றது. ஷெரிஃப் சிரிப்பை மாற்றவில்லை. "ஓ, அதுவா. ஒருத்தனுக்கு உடம்பு சரியில்ல. தொத்து வியாதி. உங்க நல்லதுக்குத்தான் காட்டல."

"பெயின்ட் டப்பாவுக்குத் தொத்து வியாதியா ஷெரிஃப்?" என்றார் டிலார்ட். யாரோ களுக்கென்று சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள்.

"தொறங்க, பாத்துட்டுப் போறோம்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

ஷெரிஃப் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நிதானமாகத் திரும்பி, "சாவி டெப்டி மோப்லிகிட்டதான் இருக்கு" என்றார். "உங்க பையன். கேட்டுப் பாருங்களேன்."

அத்தனை பேரும் கெல்வினைப் பார்த்தார்கள். அவன் காது மடல் சிவந்துவிட்டது. சின்ன வயதில் திட்டு வாங்கும்போதும் முதலில் காதுதான் சிவக்கும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று இவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் நான்கு நாட்களாக என் மேசையில் உட்கார்ந்து சாப்பிட முடியாமல் எழுந்து போயிருக்கிறான். அவனிடம் நான் எப்படிக் கேட்பேன்? எந்த வாயால் கேட்பேன்? அட்லாண்டா மருத்துவமனையும் டெஸ்ஸாவின் வயிறும் என் கண்முன் நின்றன.

கேட்க முடியாமல் ஸ்பைவியிடம் திரும்பினேன். "சார், நீங்க சொல்லுங்க. நீங்கதான தலைவர்."

ஸ்பைவி தன் காலணியைப் பார்த்தார். "நடைமுறைன்னு ஒண்ணு இருக்கு ஓர்லீன்" என்றார். "எடுத்தேன் கவுத்தேன்னு... ராய்ஸ், நீயே ஒரு வார்த்த சொல்லிடேன், எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு."

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார்" என்றார் ஷெரிஃப்.

"அப்ப ராஜா, ராஜாவோட ஆளுங்கன்னு ரெண்டு மாசமா எங்க காதப் புளிக்க வச்சதெல்லாம்?" என்றார் டிலார்ட்.

கிழவர் காலணியிலிருந்து கண்ணை எடுத்தார். "ஓட்டுக்கு விடறேன்" என்றார். "தொறக்கணும்ங்கறவங்க கை தூக்குங்க. பத்துக் கை வேணும்."

முதல் கை டிலார்டுடையது. "என் குளத்த அவனுங்க எட்டிப் பாக்கறானுங்க, இவங்க ரூம நான் பாக்கக் கூடாதா?" என்று முணுமுணுத்தார். அவரைப் பற்றி நான் நினைத்திருந்ததெல்லாம் தப்பு. வங்கியில் வேலை பார்க்கிற பெண் தூக்கினாள். பின்வரிசையில் கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. சிலர் ஷெரிஃபின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்கள். அவர்களையும் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொருவருக்கும் கவுண்டியில் வேலை பார்க்கிற ஒரு மச்சானோ மருமகனோ இருந்தான். என் கை மட்டும் தொடையோடு ஒட்டிக்கிடந்தது. பேச்சை ஆரம்பித்தவளே நான். தூக்கினேன். கெல்வினைப் பார்க்காமல் தூக்கினேன்.

ஸ்பைவி எண்ணினார். இரண்டு முறை எண்ணினார். "ஒம்போது" என்றார். அவருடைய கை அவர் தொப்பியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அந்த ஒன்பதைக் கேட்டதும் எனக்குள் ஒரு பாதி, அப்பாடா என்று மூச்சு விட்டது. என் பிள்ளை பிழைத்தான் என்று. அந்தப் பாதியை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"வாங்க, வாங்க. பீச் பை ஆறிடப் போகுது" என்று ஷெரிஃப் கைகளைத் தட்டினார். கூட்டம் நகர ஆரம்பித்தது. எனக்குக் கால் வரவில்லை. வீரமெல்லாம் இல்லை, உண்மையிலேயே கால் வரவில்லை. டிலார்டும் நின்றார்.

எனக்குப் பின்னால் சாவிக்கொத்து சத்தமிட்டது.

கெல்வின் யாரையும் பார்க்கவில்லை. கதவை நோக்கி நடந்தான். கொத்தில் தேடாமலே சரியான சாவியை எடுத்தான். "மோப்லி" என்றார் ஷெரிஃப், சத்தம் போடாமல். சாவி திரும்பியது.

முதலில் வாடை வந்தது. மூத்திர வாடை, அதன் மேல் தெளித்த பினாயில். சன்னல் இல்லாத அறை. நடுவில் ஒரு நாற்காலி. அதில் ஒரு மனிதனை மார்பிலும் மணிக்கட்டுகளிலும் கணுக்கால்களிலும் வாரால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். நாற்பது வயது இருக்கலாம். வெறும் கால்கள் பூசணிக்காய் போல வீங்கியிருந்தன. வெளிச்சம் பட்டதும் கண்ணை இடுக்கினான். வாசலில் திரும்பி வந்து முண்டியடிக்கிற எங்களை, தேவாலயத்துக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமை உடுப்பும் கைப்பையுமாக நிற்கிற எங்களை, ஒவ்வொருவராகப் பார்த்தான். பிறகு என் மகனைப் பார்த்தான். உதடு ஒட்டிப் போயிருந்தது. பிரித்துப் பேச நேரமெடுத்தது.

"ஆளுங்களக் கூட்டிட்டு வந்துட்டியா?"

கெல்வின் நினைத்தால் இல்லை என்று சொல்லலாம். நான் கூட்டி வரவில்லை, இவர்களாகவே வந்தார்கள் என்று சொல்லலாம். அது பொய்யும் அல்ல. சொல்லடா என்று என் உள்ளம் கத்தியது. சொல்லாதே என்றும் கத்தியது.

"ஆமா, மிஸ்டர் வீம்ஸ்" என்றான் கெல்வின். "கூட்டிட்டு வந்துட்டேன்."

"சாவியக் குடு" என்றார் ஷெரிஃப். உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

கெல்வின் மண்டியிட்டு அந்த மனிதனின் இடது மணிக்கட்டு வாரை அவிழ்க்க ஆரம்பித்திருந்தான். வார் தோலுக்குள் புதைந்து கிடந்தது. இரண்டு கை விரல்களாலும் கொக்கியை நெம்பிக்கொண்டிருந்தான். நான் உள்ளே போய் எதிர்ப்பக்கம் குனிந்து, அந்தக் கை ஆடாமல் பிடித்துக்கொண்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் மேலே, ஷெரிஃபின் விரித்த உள்ளங்கை அப்படியே நீண்டிருந்தது.