தூக்கத்துக்கு நாலு சதவீத வட்டி

கடைவீதி வங்கி பொதுமக்களிடமிருந்து தூக்கத்தைச் சேமிப்புக் கணக்கில் வாங்க ஆரம்பித்த வருடம் வட்டி நூற்றுக்கு நாலு. பணத்துக்கும் அதே நாலுதான் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாசலில் 'நகைக்கடன் உண்டு' என்று எழுதிய அதே பெயிண்டர், அதற்குக் கீழே 'தூக்கம் ஏற்றுக்கொள்ளப்படும், பகல் தூக்கம் உட்பட' என்று எழுதி, மிச்சமிருந்த பச்சையில் ஒரு தலையணையும் வரைந்துவிட்டுப் போனார். அந்த மாதம் ஊரில் நடந்த ஒரே விவாதம், வாத்தியார் வகுப்பில் தூங்கும் தூக்கம் அவர் கணக்கில் சேருமா, பள்ளிக்கூடத்தின் கணக்கில் சேருமா என்பதுதான். அது இன்றுவரை தீரவில்லை.

முறை எளிது. கவுண்டர் முன்னால் நின்று கொட்டாவி விட வேண்டும். ஒரு கொட்டாவிக்கு ஒரு மணி நேரம் வரவு. அன்றைய தூக்கத்தில் அந்த ஒரு மணி நேரம் குறையும். வலிய வரவழைத்த கொட்டாவியைக் கிழிந்த நோட்டு மாதிரி திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நிஜக் கொட்டாவி என்றால் கடைக்கண்ணில் ஒரு சொட்டு நீர் கோக்கும். மூன்றாம் கவுண்டர் அம்மா மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அந்தச் சொட்டைப் பார்த்த பிறகுதான் பாஸ்புக்கில் முத்திரை குத்துவார். எடுக்க வேண்டுமென்றால் சீட்டு எழுதிக் கொடுத்து ஒரு பித்தளை டோக்கன் வாங்கிக்கொள்ளலாம். அதைத் தலைக்கு அடியில் வைத்துப் படுத்தால், சீட்டில் எழுதிய நேரம் முடியும்வரை பக்கத்தில் இடி விழுந்தாலும் கண் திறக்காது.

இந்த வசதி யாருக்காக வந்ததோ தெரியாது, காஜாக்காரிக்காகவே வந்தது போலிருந்தது. ரெடிமேட் சட்டைப் பட்டறையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பவள் அவள். ஒரு நாளைக்கு இருநூறு துளை. ஊசி குத்தாமலிருக்க விரலில் மாட்டிய தையல் குப்பியோடு, ஊசியைப் பிடித்தபடியே தூங்குவாள். தூக்கத்திலும் தையல் கோணாது. வீட்டில் பத்து மணி நேரம், பட்டறையில் கைச்செலவுக்குக் கொஞ்சம். கும்பகர்ணன் தங்கச்சி என்று பட்டறைப் பெண்கள் கூப்பிட்டால், அண்ணன் சௌக்கியமா என்று அவளே திருப்பிக் கேட்பாள். இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவன் தொலைதூர லாரி டிரைவர். ஒன்பது வருடம் ராத்திரி ஓட்டம் ஓடி ஓடி, தூக்கம் அவனை விட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. வண்டியை ஓரம்கட்டிப் படுத்தால் கண் மூடும், உள்ளே விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஒரு தடவை கண் இமைக்கும் நேரம்தான், லாரி மைல்கல்லின் மேல் ஏறி நின்றுவிட்டது. அதை அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். தூங்காத மனுஷன் என்றைக்காவது ஒரு நாள் ஓட்டும்போது தூங்கிவிடுவான். அதற்குள் எப்படியாவது அவனுக்குத் தூக்கம் கொடுத்துவிட வேண்டும். அவளுக்கு வேறு ஆசை கிடையாது.

எங்கே போடுவது என்று மூன்றாம் கவுண்டர் அம்மாவிடமே கேட்டாள். அவர் தன் வங்கியைப் பற்றி மட்டும் பேசுகிற ரகம் இல்லை. தபால் ஆபீஸ் பத்து நிமிடத்தைக்கூட வாங்கிக்கொள்ளும், குழந்தைகள் பெயரிலும் போடலாம். ஆனால் வெளியூருக்கு அனுப்பினால் மூன்று நாள் ஆகும். சந்துக்குள் இருக்கும் கூட்டுறவு வங்கி உறுப்பினர்களுடையது, முகத்தைப் பார்த்துக் கடன் தரும்; ஆனால் அதற்கு இந்த ஊரைத் தாண்டினால் ஆள் கிடையாது. "எங்களுக்கு எல்லா ஊர்லயும் கிளை இருக்கும்மா. நீ இங்க போட்டா அவர் அங்க எடுக்கலாம். ரெண்டு பேர் பேர்லயும் கூட்டுக் கணக்கா ஆரம்பிச்சிடு. வட்டி கம்மிதான், பொய் சொல்ல மாட்டேன்." காஜாக்காரி அன்றைக்கே ஐந்து கொட்டாவி விட்டாள். ஐந்திலும் கண்ணீர் இருந்தது.

அப்படியே இரண்டு வருடம் ஓடியது. தினமும் வேலைக்குப் போகும் வழியில் அவள் ஐந்து மணி நேரம் போடுவாள். ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு கிளையில், அவன் மூன்று மணி நேரம் எடுப்பான். மாதக் கடைசியில் பாஸ்புக்கைப் பதிந்து வாங்கினால், எந்தத் தேதியில் எந்த ஊரில் அவன் தூங்கினான் என்பது வரி வரியாக இருக்கும். கடிதம் எழுதும் பழக்கம் இல்லாத மனுஷனிடமிருந்து அவளுக்கு அது போதும், விரலால் தடவித் தடவிப் படிப்பாள். தூக்கம் அவளுடையது என்பதால் கனவும் அவளுடையதாகத்தான் அவனுக்கு வந்தது. லாரி டிரைவர் சரக்கு மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு காஜா எடுத்தான். நூல் சிக்கியதற்குக் கவலைப்பட்டான். "நேத்து உங்க அக்காவோட ஒரே சண்டை. பாவம் நீ, சின்ன வயசுல அவகிட்ட நிறையப் பட்டிருக்க" என்று பட்டறை போனில் கூப்பிட்டுச் சொன்னான். இன்னொரு கனவும் அவனுக்கு அடிக்கடி வந்தது. அதில் லாரி மட்டும் தனியாக வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும், ஸ்டீயரிங் பின்னால் ஆள் இருக்க மாட்டான். பன்னிரண்டு வருடம் குடும்பம் நடத்தியும் அவள் இந்தப் பயத்தை வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்தக் கனவு வந்த நாட்களில் அவன் காரணம் சொல்லாமல் ஒரு போன் போடுவான். அவளும் காரணம் கேட்க மாட்டாள்.

மூன்றாம் வருடம் பேருந்து நிலையத்துக்கு எதிரே கண்ணாடிக் கதவு வைத்த ஒரு நிதி நிறுவனம் திறந்தது. வட்டி பன்னிரண்டு, கணக்கு தொடங்கினால் ஒரு சுவர்க்கடிகாரம் இனாம். அதற்கு ஏஜெண்டாகச் சேர்ந்தவர் வேறு யாருமல்ல, அக்கா வீட்டுக்காரர். வீட்டுக்கு வந்து, டீ குடித்து, பாஸ்புக்கைப் புரட்டிப் பார்த்தார். தொள்ளாயிரத்து நாற்பது மணி நேரம் நின்றது. "நாலு பர்சென்ட்டுக்கு இவ்வளவு தூக்கத்தைத் தூங்க வெச்சிருக்கியேம்மா. மூணு வருஷம் எங்ககிட்ட போடு. வர்ற வட்டியில உன் வீட்டுக்காரர் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் முழுசா தூங்கலாம்." ஞாயிற்றுக்கிழமையில் அவன் வீட்டில் தூங்குவது என்ற ஒரு வார்த்தையில் அவள் விழுந்துவிட்டாள். ஆசை யாரை விட்டது. முப்பது மணி நேரத்தை மட்டும் வங்கியில் விட்டுவிட்டு மிச்சத்தை மாற்றினாள். புதுத் தவணைக்கென்று தினக் கொட்டாவியையும் கண்ணாடிக் கதவுக்கே கொண்டுபோனாள். மூன்றாம் கவுண்டர் அம்மா மட்டும், "அது பேங்க் இல்லம்மா, ஞாபகம் வெச்சுக்கோ. அவசரம்னா அவர் போற ஊர்ல அதுக்குக் கதவே இருக்காது" என்றார். கேட்டுக்கொண்டாள், ஆனால் கடிகாரம் அழகாக இருந்தது.

முப்பது மணி நேரம் பத்து நாளில் தீர்ந்தது. பதினாலாம் நாள் காலை பதினோரு மணிக்குப் பட்டறை போன் அடித்தது. நானூறு மைல் தள்ளி, மலைமேல் இருக்கும் ஒரு ஊரிலிருந்து பேசினான். குரல் நூல் போல இருந்தது. "கணக்குல ஒண்ணும் இல்லைன்னு சொல்றாங்க. நாலு நாளாச்சு கண்ணு மூடி. நாளைக்கு விடியக்காலையில லோடோட மலை இறங்கணும், பதினெட்டு வளைவு. நீ எங்கயாச்சும் மாத்தி வெச்சிருந்தா ரெண்டு மணிக்குள்ள அனுப்பு, அதோட பேங்க் மூடிடுவாங்க." திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

ஊசியைக்கூட வைக்காமல் ஓடினாள். கண்ணாடிக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தாள். மேனேஜர் பேரேட்டின் மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கணக்குப்பிள்ளை நாற்காலியில். அக்கா வீட்டுக்காரர் வாடிக்கையாளர் சோபாவில் காலை நீட்டி, பூட்ஸைக்கூடக் கழற்றாமல். ஒவ்வொருவர் தலைக்கடியிலும் டோக்கன்கள் அடுக்கடுக்காக. ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று, ஊர்க்காரர்கள் போட்டதையெல்லாம் எடுத்து அவர்களே தூங்கியிருக்கிறார்கள். அவள் கதவைத் தட்டினாள், உதைத்தாள், அக்காவின் பெயரைச் சொல்லி மிரட்டினாள். சோபாவிலிருந்து நல்ல ஆழ்ந்த குறட்டை வந்தது. அது தன்னுடைய குறட்டை என்பது அவளுக்குக் கேட்டவுடனே தெரிந்தது.

நடுவீதியில் நின்று கொட்டாவி விடப் பார்த்தாள். பதறிய உடம்பில் கொட்டாவி எங்கிருந்து வரும்? கண்ணீர் மட்டும்தான் வந்தது, அதை எந்த வங்கியும் வாங்காது. பின்னாலேயே ஓடிவந்த பட்டறைப் பெண்கள் அவள் கையைப் பிடித்து நேரே சந்துக்குள் இழுத்துக்கொண்டு போனார்கள். அவர்களில் பதினோரு பேர் கூட்டுறவு வங்கியில் பங்கு வைத்திருந்தார்கள். சட்டைக் காலர் போல எப்போதும் விறைப்பாக இருக்கும் செயலாளர் விஷயத்தைக் கேட்டார். அந்த இடத்திலேயே ஒரு பங்கு வாங்கினால் இவளும் உறுப்பினர். பன்னிரண்டு மணி நேரம் கடன் தரலாம். ஆனால் இரண்டு உறுப்பினர்கள் ஜாமீன் நிற்க வேண்டும், ஜாமீன் என்றால் ஆளுக்கு ஒரு நிஜக் கொட்டாவி. பதினோரு பேரும் வாயைப் பிளந்தார்கள். ஒருத்தி கண்ணிலும் சொட்டு இல்லை. மணி பன்னிரண்டரை. இவள் புருஷன் மலைமேல் நிற்கிறான் என்றால் யாருக்குத்தான் கொட்டாவி வரும். செயலாளர் அலமாரியைத் திறந்து, சங்கத்தின் சென்ற வருட ஆண்டறிக்கையை எடுத்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து உரக்க வாசிக்கத் தொடங்கினார். இரண்டாம் பக்கம் தேய்மானத்துக்கு வந்தபோது பொத்தான் கட்டுகிறவளுக்கு முதல் கொட்டாவி வந்தது. மூன்றாம் பக்கத்தில் வரிசையாகப் பதினோரு பேருக்கும் கண் கலங்கியது. செயலாளருக்கே ஒன்று வந்தது; விதிப்படி அதைக் கணக்கில் சேர்க்காமல் கைக்குட்டையில் மறைத்தார். அந்த மனுஷனை அன்றைக்கு அவள் தெய்வமாகப் பார்த்தாள்.

கூட்டுறவு வங்கிக்கு வெளியூரில் ஆள் இல்லை. அதனால் அது கடைவீதி வங்கியின் பேரில் ஒரு காசோலை எழுதியது. பன்னிரண்டு பெண்கள் காசோலையோடு மூன்றாம் கவுண்டருக்குப் போனபோது மணி ஒன்று ஐம்பது. அந்த அம்மா காசோலையை வாங்கி முத்திரை குத்தினார். மலை ஊர்க் கிளைக்குப் போன் போட்டு, சங்கேத எண்ணைச் சொல்லி, "டிரைவர் ஒருத்தர் வாசல்ல நிப்பார், சிவந்த கண்ணு, அவரை உக்கார வைங்க" என்றார். அங்கே காவலாளி அவனை உட்கார வைக்கவில்லை. நின்றபடியே சுவரில் சாய்ந்திருந்தவனின் கையில் டோக்கனை வைத்து, லாரிவரை தாங்கிக்கொண்டு போனாராம்.

அவன் பகல் மூன்று மணியிலிருந்து விடியற்காலை மூன்று மணிவரை தூங்கினான். கூட்டுறவு வங்கியின் தூக்கம் எல்லா உறுப்பினர்களும் போட்டுக் கலந்தது. அதனால் கறிக்கடைக்காரரின் கனவில் தொடங்கி, மருத்துவச்சி கனவுக்குள் புகுந்து, வாத்தியாரின் கனவில் பரீட்சை எழுதித் தோற்று, செயலாளரின் கனவில் யாருக்கும் தெரியாமல் நடனமாடிவிட்டு எழுந்தான். பதினெட்டு வளைவையும் ஒழுங்காக இறங்கினான். வீட்டு வாசலில் லாரி வந்து நின்றபோது அவள் முதலில் டிரைவர் இருக்கையைத்தான் பார்த்தாள். அவன் இருந்தான். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். "கனவுல பாத்துப் பாத்து எனக்கே பயம் வந்துடுச்சு" என்று அவன் அவள் தலையைத் தடவினான். அந்த வாரமே ராத்திரி ஓட்டத்தை விட்டுவிட்டு நகராட்சித் தண்ணீர் லாரிக்கு மாறினான். சம்பளம் பாதி, ஆனால் ஆறு மணிக்கு வீடு. கண்ணாடிக் கதவுக்கு நீதிமன்றம் முத்திரை வைத்தது. உள்ளே இருந்தவர்களை எழுப்ப வழியில்லாததால் தூங்கியபடியே ஜாமீனில் விட்டார்கள். அக்கா வீட்டுக்காரர் ஏழு மாதம் கழித்து, இருபது வயது குறைந்த முகத்தோடு எழுந்தார். அக்கா இன்னும் அவரோடு பேசுவதில்லை.

கூட்டுறவுக் கடன் வாரம் ஒரு மணி நேரம் வீதம் பதிமூன்று தவணை, சனிக்கிழமை நாலு மணிக்குள் கட்ட வேண்டும். பகல் வேலைக்கு வந்த பிறகும் அவனுக்குச் சொந்தத் தூக்கம் திரும்பவில்லை. அவள் போடுவதில்தான் அவன் தூங்கினான். தனக்கு மிஞ்சியதில் அவள் தூங்கினாள். பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்பார்கள். இரண்டு மணி நேரத் தூக்கத்தையும் அவள் அனுபவித்துத்தான் தூங்கினாள். ஏழாம் தவணைச் சனிக்கிழமை, காலையிலிருந்து வந்த கொட்டாவியைச் சிந்திவிடாமல் வாயை இறுக மூடி வைத்திருந்தாள். மூன்று மணிக்குச் செருப்பை மாட்டினாள். பாயில் உட்கார்ந்து அவள் காஜா எடுத்த சட்டைகளில் நூல் பிசிறு எடுத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான், ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், திறந்த வாய் மூடவில்லை. நிதானமாக, நீளமாக, பல வருடத்துக்குப் பிறகு அவனுடைய சொந்தக் கொட்டாவி ஒன்று வந்தது. அவள் குனிந்து அவன் கடைக்கண்ணைப் பார்த்தாள். ஒரு சொட்டு நின்றது. "அடுத்ததும் வரும்போல. வா, உன்னுதையும் சேத்து ரெண்டாப் போட்டுடலாம்" என்று அவன் எழப் போனான். பதில் சொல்ல வந்தவளின் வாயும் திறந்துகொண்டது. காலையிலிருந்து காத்து வைத்த கொட்டாவி அப்படியே வெளியே போய்விட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, பிசிறு எடுத்த சட்டைகளை நகர்த்தி, அவன் பக்கத்தில் படுத்தாள். அந்த இரண்டு கொட்டாவிகளும் எந்த வங்கியிலும் வரவு வைக்கப்படவில்லை. ஏழாம் தவணை திங்கட்கிழமைதான் கட்டப்பட்டது. தாமதத்துக்கு அபராதம் கால் மணி நேரம், அதையும் சேர்த்துக் கட்டினார்கள்.