சாவித்திரிக்கு வந்த இரண்டு அழைப்பு

1983 ஆடி மாதம். ஆரணி தொலைபேசி நிலையத்தில் பதினோரு வருஷமாக ஆபரேட்டராக இருந்த சாவித்திரிக்குப் பதவி உயர்வு வந்தது. மேற்பார்வையாளர் வேலை, ஆனால் சென்னையில். போகிறேன் என்றோ வேண்டாம் என்றோ பதினைந்து நாளுக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

அவள் கணவர் ஜெயவேல் பட்டு நெசவாளர். தறி வீட்டுக் கூடத்தில் குழி வெட்டிப் போட்டது; பெயர்த்துக்கொண்டு போகிற சமாசாரமில்லை. மகள் கற்பகம் மூன்றாம் வகுப்பு படித்தாள்.

ஆளுக்கொன்று சொன்னார்கள். உடன் வேலை செய்த கமலம், இப்படி ஒரு வாய்ப்பு மறுபடி வராது என்றாள். நாத்தனார் குணசுந்தரி, பெற்ற பெண்ணை விட்டுவிட்டு அப்படி என்ன பெரிய வேலை என்று கேட்டாள். ஜெயவேல் மட்டும் எத்தனை முறை கேட்டாலும் "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுத் தறியில் இறங்கிவிடுவார். எவ்வளவு நல்ல மனிதர் என்று கமலம் மெச்சினாள். சாவித்திரிக்கோ நாத்தனாரின் ஏச்சே தேவலை என்றிருந்தது. ஏச்சுக்குப் பதில் சொல்லலாம். இதற்கு என்ன சொல்வது?

ஒரு வாரம் போயிற்று. சோறு இறங்கவில்லை. போளூருக்குக் கேட்ட டிரங்க் காலை வேலூருக்குப் போட்டு, ஒரு நெல் வியாபாரியிடம் வசவு வாங்கினாள். அன்று மதியம் அழைப்புகள் ஓய்ந்த நேரத்தில், ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தாள். கல்யாணத்துக்கு முன்பு கவிதை எழுதுகிற பழக்கம் அவளுக்கு உண்டு. அது எப்போது விட்டுப்போனது என்று அவளுக்கே நினைவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நூலகத்தில் வாசகர் வட்டம் கூடியது. பதினைந்து பேர் இருப்பார்கள். துணைக்கு வந்த ஜெயவேல் வழக்கம்போலக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். சாவித்திரி எழுந்து படித்தாள். கவிதையின் முடிவு இப்படி இருந்தது:

*ஊரில் உள்ளவர்க்கெல்லாம்*
*யாரோடு பேசுவதென்று தெரிகிறது.*
*எனக்கு வந்திருப்பது இரண்டு அழைப்பு,*
*கையில் இருப்பது ஒரே இணைப்பு.*
*ஒன்றை எடுத்தால்*
*எடுக்காத மற்றது*
*சாகும்வரை மணியடிக்கும்.*

பள்ளி ஆசிரியர் லோகநாதன் முதலில் பேசினார். இந்தப் பெண் வெளியே போகத்தான் ஏங்குகிறாள், போகாமல் நின்றுவிட்டால் அந்த ஏக்கம்தான் சாகும்வரை மணியடிக்கும் என்றார். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்த பழனி ஒப்பவில்லை. விட்டுவிட்டுப் போகிற வீடுதான் அப்படிக் கூப்பிடும் என்றார். இருவரும் விடாமல் வாதாடினார்கள். அது அவளுடைய சொந்தக் கதை என்று ஜெயவேலைத் தவிர அங்கே யாருக்கும் தெரியாது. கேட்கக் கேட்க இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே பட்டது அவளுக்கு. பத்து நாளாக அவள் மண்டைக்குள் நடந்துகொண்டிருந்த வழக்கும் இதுதான்.

அப்போது, பட்டு நூல் முறுக்கும் பட்டறையில் வேலை செய்யும் உண்ணாமலை, அதிகம் பேசாதவள், மெல்லக் கேட்டாள்.

"ரெண்டு பக்கமும் கூப்புட்றாங்கன்னு எழுதிகிறீங்க, சரி. கூப்புட்றவங்க இன்னா சொல்றாங்கன்னு ஒரு வரி கூட இல்லியேங்க. மணிதான் அடிச்சிகினு இருக்குது. பேச்சக் கேக்காம எப்படி முடிவு பண்றது?"

 சாவித்திரி தன்னை அறியாமல் திரும்பிப் பார்த்தாள். ஜெயவேல் தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பும்போது கடைத்தெருவைத் தாண்டினார்கள். ஜெயவேல் நடையைத் தளர்த்தினார்.

"அந்தம்மா கேட்டது என்னைத்தான். நீ போனா எனக்குக் கஷ்டம். பயமாவும் இருக்குது. போவாதன்னு சொன்னா நீ நின்னுடுவ. அப்புறம் ஆயுசுக்கும் என்னாலதான் கெட்டுதுன்னு நினைப்ப. அதான் சொல்லல."

சாவித்திரி நின்றுவிட்டாள். "நான் போனா உங்களுக்கு ஒண்ணுமே இல்லைன்னு நினைச்சிகினு இருந்தேன்."

"ஒண்ணுமே இல்லியா? பத்து நாளா நெய்ஞ்சத வந்து பாரு. கரை பூரா தப்பு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் மனம் தெரிந்ததுமே தன் மனமும் தெரிந்துவிட்டதுபோல் இருந்தது. "எனக்குப் போவணும்னு இருக்குதுங்க" என்றாள். பத்து நாளில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னாள். போக ஆசைப்பட்டால் இவரை வேண்டாமென்று சொன்னதாகிவிடுமோ என்று பயந்து, அதைத் தனக்குள்கூட அவள் சொல்லிக்கொண்டதில்லை.

 சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை தவறாமல் வந்துவிட வேண்டும் என்றார் அவர். கற்பகம் யாரிடம் இருப்பது என்று தெருவிலேயே தர்க்கம் நடந்தது. குணசுந்தரி வீட்டில் விடலாம் என்றாள் சாவித்திரி. தன்னிடமே இருக்கட்டும் என்றார் அவர். தலைவாரிப் பின்னுவது யார் என்று கேட்டாள்.

"ஆயிரக்கணக்குல இழை சிக்கெடுக்கறவன், ஒரு பொண்ணுக்குத் தலை வார மாட்டனா?" என்றார்.

திங்கட்கிழமை காலையில் சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. முதல் ஆறு மாதம் ஒவ்வொரு ஞாயிறு மாலையும் பஸ் நிலையத்தில் கற்பகம் அழுதாள். திரும்பி வந்துவிடட்டுமா என்று சாவித்திரி இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் ஜெயவேல் "உன் இஷ்டம்" என்று சொல்லவில்லை, உட்கார்ந்து பேசினார்.

1986 பொங்கல் கழிந்து வேலூருக்கு மாற்றல் கிடைத்தது. கண்ணமங்கலம் வழியாகத் தினமும் பஸ்ஸில் போய் வந்தாள். சாயங்காலம் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால், ஆரணி வரும்வரை நன்றாகத் தூங்கினாள்.