நாலங்குலக் குழல்

அந்த ஜூன் மாதத்து அவமானம் லோர்னா ஹால்வர்சனுக்குச் செரிக்கவே இல்லை. கரடிகள் திரியும் வடகோடி ஊரான சிட்காவில் பதினெட்டு வருஷமாக நிலம் அளக்கிறவள். அன்று ஆற்றோரம் முப்பதடி தள்ளி ஒரு பழுப்புக் கரடி எழுந்து நின்றது. இடுப்பிலிருந்த ஏழரை அங்குல ரிவால்வரை அவள் இழுத்தாள். குழலின் நுனி மழைச்சட்டையில் மாட்டிக்கொண்டது. இழுக்கிறாள், இழுக்கிறாள், வரவில்லை. கரடி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தன் வழியே போனது.

கூட வேலை பார்க்கும் டாரெல் அதை ஊர் முழுக்கச் சொல்லித் தீர்த்தான். "கரடிக்கே பாவமாப் போச்சுப்பா. 'நீ நிதானமா எடும்மா, நான் அப்புறம் வர்றேன்'னு போயிடுச்சு."

அந்த வார சனிக்கிழமையே லோர்னா துப்பாக்கிக் கடைக்குப் போனாள். கடைக்கார வெர்லின் சின்னதாக ஒன்றை எடுத்து நீட்டினான். இரண்டரை அங்குலக் குழல்.

"பொம்பளைங்க கைக்கு அடக்கமா இருக்கும்."

"கரடியும் என் கை அளவுதான் வருமா?" என்றாள்.

வெர்லின் சிரித்துவிட்டு, ஒரே ரகத்தில் மூன்று நீளங்களைக் கண்ணாடி மேசைமேல் வைத்தான். லோர்னா ஒவ்வொன்றாகக் கையிலெடுத்து, கண்ணை மூடி, எதிர்ச்சுவரிலிருந்த மான்கொம்பை நோக்கிக் கையை நீட்டி, பிறகு கண்ணைத் திறந்து பார்த்தாள். ஏழரை அங்குலம் குழல்முனைக் கனத்தில் தரையைப் பார்த்தது. இரண்டரை அங்குலம் உத்தரத்தைப் பார்த்தது. நாலங்குலம் கொம்பின் நடுவே நேராக நின்றது. மறுபடி செய்தாள். மறுபடியும் அங்கேயே நின்றது.

வெர்லினோடு போய் ஊருக்கு வெளியே சுடுதளத்தில் மூன்றையும் சுட்டும் பார்த்தாள். குட்டையானது கையில் துள்ளியது, நெருப்பு கக்கியது, மணிக்கட்டு மரத்துப்போய், அடுத்த குண்டுக்குள் குறி எங்கோ போயிருந்தது. நீளமானது குறி தப்பவில்லை. ஆனால் உறையிலிருந்து வெளியே வருவதற்குள் வெர்லின் மூன்று எண்ணிவிட்டான். நாலங்குலத்துக்கு ஒன்றரைதான்.

"நீளமா இருந்தா வேகம் கூடும், தூரம் போகும்" என்றான் வெர்லின்.

"எனக்குத் தூரம் வேண்டாம். பத்தடியில நேரம்தான் வேணும்."

நாலங்குலத்தையே வாங்கினாள். நெஞ்சோடு கட்டும் உறையும் வாங்கினாள். அதற்குப்பின் தினமும் வேலை முடிந்ததும், குண்டு போடாமல், மழைச்சட்டையோடும் முதுகுப்பையோடும் நூறு தடவை உருவிப் பழகினாள். டாரெல் அவளைக் கண்டாலே கேலியாக நெஞ்சைத் தட்டிக் காட்டினான். அவன் இடுப்பில் எட்டரை அங்குலம் தொங்கியது.

ஆகஸ்டில் சால்மன் மீன் ஏறும் ஓடை ஒன்றின் கரையில் எல்லைக்கல் தேடிக்கொண்டிருந்தார்கள். டாரெல் முன்னால் போனான். காற்று எதிரே வீசியது. ஓடை இரைச்சலில், கரடி விலகட்டும் என்று அவர்கள் போட்ட சத்தம் எதுவும் எடுபடவில்லை. புதருக்குள் கரடி பாதி தின்றுவிட்டு வைத்திருந்த மான் ஒன்று கிடந்தது. அதைக் கண்டு டாரெல் "லோர்னா, பின்னால போ..." என்று திரும்புவதற்குள் புதர் பிளந்தது.

கரடி உறுமவில்லை, எழுந்து நிற்கவில்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டு நேராக வந்தது. டாரெலின் கை இடுப்புக்குப் போனது; பாதி உருவிய குழல் கிளைகளுக்குள் சிக்க, அவன் கால் இடறி மல்லாந்து விழுந்தான்.

லோர்னா யோசிக்கவில்லை. கை நெஞ்சுக்குப் போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. குறிமுனை கரடியின் தோளில் உட்கார்ந்திருந்தது. சுட்டாள். கரடி தள்ளாடியும் நிற்கவில்லை. குழல் எழும்பி அதே இடத்துக்கு இறங்கியது. மறுபடி சுட்டாள். மூன்றாவது குண்டுக்குக் கரடியின் முன்கால்கள் மடிந்தன. டாரெலின் பூட்ஸுக்கு நாலடி முன்னால் மூஞ்சி மண்ணில் குத்த விழுந்தது. அப்புறம் அசையவில்லை.

ஓடைச் சத்தம் மட்டும் திரும்பி வந்தது.

"டேய், உயிரோட இருக்கியா?"

"இருக்கேன்னுதான் நினைக்கிறேன்." அவன் கையூன்றி எழுந்தான். "எத்தனை சுட்டே?"

"மூணு."

"எனக்கு ஒண்ணு மாதிரிதான் கேட்டுச்சு."

தற்காப்புக்குச் சுட்டாலும் தோலும் மண்டையோடும் அரசுக்குப் போக வேண்டும். கை முழுக்க ரத்தத்தோடு சாயங்காலம்வரை உரித்தார்கள். அவர்கள் போயிருந்த படகு ஊர்த்துறையில் அணைந்தபோது மீனவர்கள் கூடிவிட்டார்கள். தோலைச் சுமந்து வந்த டாரெலின் முதுகில் ஒருவன் ஓங்கித் தட்டினான்.

"நீயா அடிச்சே? பலே!"

"நானா? நான் மல்லாந்து கிடந்தேன்." டாரெல் நின்று, எல்லார் காதிலும் விழும்படி கத்தினான். "அடிச்சது அவ! மூணு குண்டு, மூணும் உள்ளங்கை அகலத்துல! வந்து பாருங்கடா!"

கூட்டம் விலகி வழிவிட்டது. யாரோ கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள். லோர்னா தலையைக் குனிந்துகொள்ளவில்லை. நிமிர்ந்து, சிரித்துக்கொண்டே, மண்டையோட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு துறைமேட்டில் ஏறினாள்.