மான் சாகாத காடு

என் வீட்டுக்காரருக்குக் காட்டு விலங்குகளைப் பற்றித் தெரியாதது எதுவுமே இல்லை, பாதி வரைக்கும்.

அவர் பேக்கரியில் அடுப்பு பார்க்கிறவர். ஊரே குறட்டை விடுகிற நேரத்தில் எழுந்து போய் முதல் ரொட்டியை இறக்குகிறவர். அப்படிப்பட்ட மனிதர் ராத்திரி சாப்பாடு முடிந்து விலங்குச் சேனலுக்கு முன்னால் உட்கார்ந்தால் என்ன ஆகும்? முதல் விளம்பரம் வரும்வரை கண் கொட்டாமல் பார்ப்பார். சோப்பு நுரை பொங்கும்போது வாய் திறந்துகொள்ளும். அதற்குப் பிறகு யானை வந்து பிளிறினாலும் அசைய மாட்டார். திரையில் எத்தனையோ தடவை பிளிறியும் இருக்கிறது.

மிச்சப் பாதியைத் துணி மடித்துக்கொண்டே பார்ப்பது நான்.

ஆகவே சிறுத்தை எப்படிப் பதுங்கும் என்பது அவருக்குத் தெரியும். பாய்ந்த பிறகு என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியும். காலையில் பேக்கரிக்குப் போய்த் தன் பாதியை அவர் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று யாராவது கேட்டால், "தப்பிச்சிருச்சு" என்று கூசாமல் அளந்து விடுவார். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் சொல்வார், நல்லபடியாகத்தானே முடிந்திருக்கும் என்ற நம்பிக்கை. இப்படியாக என் வீட்டுக்காரரின் காட்டில் இன்றுவரை ஒரு மான்கூடச் செத்ததில்லை. பிறகு சிங்கம் எதைத் தின்று உயிர் வாழ்கிறது என்று நானும் கேட்டதில்லை. மனிதர் நிம்மதியாக இருக்கிறார், எதற்குக் கெடுப்பானேன்?

படித்த பாடத்தை வீட்டிலும் விட மாட்டார். பேக்கரி முதலாளி நீர்யானை. மாடியில் குடியிருக்கும் தன் அக்கா, அதாவது என் நாத்தனார், சிரிப்பு காரணமாகக் கழுதைப்புலி. என்னை ஒருநாள் "நீ பெண் சிங்கம்டி" என்றார். பூரித்துப் போனேன். சொன்ன கையோடு காலை நீட்டிப் படுத்துக்கொண்டார். வேட்டைக்குப் போவதெல்லாம் பெண் சிங்கம்தான், ஆண் படுத்துக் கிடக்கும் என்பது முதல் பாதியிலேயே வந்துவிடும் சங்கதி.

எனக்கு ஒரு தையல் கம்பெனியில் கட்டிங் வேலை. துணியை நூறு அடுக்காக விரித்து, மேலே அளவுத் தாளை வைத்து, மின்கத்தியை ஓட்டி வெட்ட வேண்டும். ஒரு விரல் அகலம் பிசகினால் நூறு சட்டைக்கும் ஒரு கை குட்டை. கத்திரிக்கோலைப் பிடிக்கத் தெரியாத சூப்பர்வைசர்களிடம் வருஷக்கணக்காகப் பேச்சு வாங்கியிருக்கிறேன். போன வாரம் மேனேஜர் கூப்பிட்டார். ரயிலில் இரண்டு நாள் தூரத்தில் ஒரு பெரிய நகரத்தில் புதிதாகக் கம்பெனி திறக்கிறார்களாம். அங்கே போய் நாலு மாதம் கட்டிங் பிரிவை நிலைநிறுத்திக் கொடுத்தால், திரும்பி வந்ததும் இங்கே பிரிவுக்கே பொறுப்பு நான்தான். நடுவில் லீவு கிடையாது. சனிக்கிழமை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு ஆசை. அதை மூடி மறைக்க என்ன இருக்கிறது? அவ்வளவு ஆசை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வேண்டாம்" என்றார்.

ஏன் என்றேன். வாண்டுக்குப் பரீட்சை வருகிறது என்றார். எங்கள் மகளுக்குப் பரீட்சை முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்றார். அந்த ஊர் எங்கே இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது.

நாத்தனாருக்கு ஒரே குஷி. "பொண்டாட்டி நாலு படி ஏறினா எந்த ஆம்பளைக்குத்தான் பொறுக்கும்? என் தம்பி மட்டும் வானத்துலேருந்து குதிச்சானா? நீ கிளம்பு, நான் இருக்கேன்" என்றார். பேச்சில் பாதி எனக்கு ஆதரவு, பாதி வேடிக்கை பார்க்கும் ஆசை. ஆனாலும் நம்பினேன். இத்தனை வருஷம் கூட இருந்தும் இவரும் கடைசியில் இவ்வளவுதானா என்றிருந்தது.

அதே வாரம் மனிதர் தின்னவும் ஆரம்பித்தார். சண்டை போட்ட வீட்டில் புருஷன் பட்டினி கிடப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இவரோ மூன்றாம் தடவை சோறு கேட்டார். வேலையிலிருந்து பன் கொண்டுவந்து, மூலையில் உட்கார்ந்து ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே தள்ளினார். இவ்வளவு கொழுப்பா என்று பாத்திரத்தை நங்கென்று வைத்தேன்.

சனிக்கிழமை எனக்கு அரை நாள். நாலு மணி வாக்கில் வாண்டுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, அந்தப் பெங்குவின் அம்மா திரும்பி வந்துச்சா?"

"எந்தப் பெங்குவின்?"

"அதான், முட்டையை அப்பா பெங்குவின் கால் மேல வச்சுட்டுக் கடலுக்குப் போச்சே. அப்பா பாவம், நாலு மாசம் ஒண்ணுமே சாப்பிடாம பனியில நின்னுச்சே. அது வந்துச்சா வரலையான்னு நம்ம அப்பா என்கிட்ட தினமும் கேக்குறாங்க. நானும்தான் தூங்கிட்டேன்."

சீப்பு கையிலேயே நின்றுவிட்டது. நாலு மாதம். பன். ஐயோ, இந்த மனுஷன் பட்டினிக்குக் கொழுப்புச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்!

பாதி பின்னிய தலையோடு வாண்டை மாடிக்கு அனுப்பிவிட்டுக் கிளம்பினேன். சிரிப்பு ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம்.

சனிக்கிழமை பேக்கரியில் சாயங்காலச் சரக்கும் போடுவார்கள். பின்வாசல் வழியாக நுழைந்தேன். மாவு மூட்டைகளைத் தாண்டினால் நீள மேஜை, அதன் கடைசியில் அடுப்பு. வீட்டுக்காரர் நீளத் துடுப்பால் ரொட்டிகளைத் திருப்பி விட்டுக்கொண்டிருந்தார். மாவு பிசைகிறவர் தொட்டிக்குள் குனிந்திருந்தார். கேக்கின் மேல் க்ரீம் ரோஜா பிழிகிற பெண் ஒரு ரோஜாவின் நடுவில் இருந்தாள்.

"ஏங்க, பெங்குவினைப் பத்தி என்கிட்ட கேட்டா என்ன?"

துடுப்பு நின்றது. "வெளியில போய்ப் பேசலாம் வா."

"இவங்ககிட்ட கேக்காமலா இருந்திருப்பீங்க? இங்கேயே பேசலாம்."

"கேட்டாரு அக்கா" என்றார் மாவு பிசைகிறவர். "எங்களுக்கு என்ன தெரியும்? இவரு சொல்ற வரைக்கும்தானே எங்களுக்குத் தெரியும்."

"இவரு விளம்பரம் வந்ததும் தூங்கிடுவாரு. மிச்சத்தைப் பாக்குறது நான்."

மாவு பிசைகிறவர் தொட்டியிலிருந்து தலையைத் தூக்கினார். "அப்போ அந்தச் சிறுத்தை விரட்டின மான்?"

"பிடிச்சிருச்சு."

"கால் ஒடிஞ்ச வரிக்குதிரை?"

"முதலை."

"ஆமைக்குஞ்சு? தண்ணி வரைக்கும் வந்துருச்சேக்கா!" என்றாள் ரோஜாப் பெண்.

"தண்ணிக்குப் பக்கத்துல பறவை நின்னுச்சு."

அவள் கையிலிருந்த ரோஜா முட்டைக்கோசாக முடிந்தது. மாவு பிசைகிறவர் என் வீட்டுக்காரரைப் பார்த்த பார்வையில், அத்தனை பிணங்களையும் அவரே மறைத்து வைத்திருந்தது போல ஒரு குற்றச்சாட்டு. அவரோ என்னைப் பார்த்தார்.

"இவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டு ஏன் சொல்லலே?"

"நீங்க கேட்டாத்தானே? மத்ததுக்கெல்லாம் நீங்களே ஒரு நல்ல முடிவு வச்சுக்கிட்டீங்கல்ல. இதுக்கு மட்டும் ஏன் வைக்கலே?"

"அதெல்லாம் யார் வீட்டு மானோ." துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "இது நம்ம வீட்டு முட்டை."

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பெரிய ஊரு. உன் கைத்தொழிலுக்கு அங்க உன்னைத் தலையில தூக்கி வச்சுப்பாங்க. இங்க என்ன இருக்கு? மாவு ஒட்டின கையோட நான் நிக்கிறேன். யோசிச்சுப் பாத்தேன். நீ திரும்பி வர்றதுக்கு எனக்கு ஒரு காரணமும் தோணலே."

வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஓங்கி ஒன்று வைக்கலாமா, கட்டிக்கொள்ளலாமா என்றிருந்தது. மாவு மூட்டைகளுக்கு நடுவில், இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டுமே முடியாது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"அது திரும்பி வருதுங்க. ரொம்ப தூரம் பனியில நடந்து, வயித்துல மீனை ரொப்பிக்கிட்டு வருது. அங்க ஆயிரக்கணக்குல அப்பாங்க நிக்கிறாங்க, எல்லாம் ஒரே சாயல். அம்மா குரல் குடுக்குது. ஒரே ஒருத்தர் பதில் குரல் குடுக்குறாரு. அதை வச்சு நேரா அவருகிட்டப் போயிடுது."

"மீன் அப்பாவுக்கா?" என்றார் மாவு பிசைகிறவர்.

"குஞ்சுக்கு. அப்பாவுக்கு ஒண்ணும் கிடையாது. குஞ்சை ஒப்படைச்சுட்டுத் தன் சாப்பாட்டைத் தானே தேடிக்கப் போகணும்."

வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "எல்லா அம்மாவும் வந்துச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். இத்தனை வருஷமாக நல்ல முடிவையே நம்பி வாழ்கிற மனிதர், இதையும் அப்படியே நம்பியிருப்பார். எனக்குத்தான் மனசு வரவில்லை.

"இல்லே. சிலது வரலே. கடல்ல சீல்னு ஒரு மிருகம் பிடிச்சுத் தின்னுடுது. ஆனா வர மனசில்லாம வராம இருந்தது ஒண்ணுகூட இல்லைங்க."

அவர் முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டார். அழுகிறார் என்பது முதுகைப் பார்த்தே தெரிந்தது. ரோஜாப் பெண்ணும் மூக்கை உறிஞ்சினாள். ரொட்டி லேசாகக் கருகும் வாசனை வந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை.

"மேனேஜரு எத்தனை மணிக்குள்ள கேட்டாரு?" திரும்பாமலே கேட்டார்.

"அஞ்சு."

"நாலரை ஆச்சு. இங்க நின்னு முதலைக் கதை சொல்லிட்டிருக்கே. போ."

நான் நகரவில்லை. "வெறும் போன்னா எப்படி? ஒழுங்காச் சொல்லி அனுப்புங்க."

அவர் திரும்பினார். கன்னத்தில் மாவும் கண்ணீரும் கலந்து ஒட்டியிருந்தன.

"போயிட்டு வா" என்றார். நான் பின்வாசலைத் தாண்டிய பிறகும் உள்ளேயிருந்து குரல் வந்தது. "வா. வந்துடு."