மாப்பிள்ளை பிடித்த பலகை

...அதற்காக ஒரு பலகையின் நுனியைக்கூடப் பிடிக்கக்கூடாதா, மாப்பிள்ளை என்றால் என்ன, கண்ணாடி அலுமாரியில் வைத்த பீங்கானா என்று இன்ஸாபின் மனம் முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் கடைசியில் பிடித்தாகிவிட்டது, அதுதான் பெரிய விசயம். மாமா முத்தலிப் மெசினுக்கு அந்தப் பக்கம், அவன் இந்தப் பக்கம், நடுவில் சுற்றுகிற வாள், நீட்டு வேப்பம் பலகை அதற்குள் போய் இரண்டாகப் பிரிந்து அவன் கைக்கு வருகிறது, கூரை ஓட்டுக்கு அடிக்கிற ரீப்பை, எல்லாம் ஒரே அகலத்தில் வர வேண்டும், இல்லாவிட்டால் ஓடு சரியாகக் குந்தாது. வழக்கமாக இந்தப் பக்கம் நிற்கிற ஹமீட் ஒலுவில் துறைமுகத்துக்குப் படகு வேலைக்குப் போய்விட்டார், நல்லதாய்ப் போயிற்று, அல்லாஹ் அவர் வரும்படியில் பரக்கத் செய்யட்டும்... வேம்புத் தூள் நாக்கில் கசந்தது, அந்தக் கசப்புக்கூட நன்றாகத்தான் இருந்தது.

அக்கரைப்பற்றிலிருந்து கலியாணம் முடித்துக் கல்முனைக்குடிக்கு, ஆகிலாவின் வீட்டுக்கு வந்த நாள் முதல் ஒரே மரியாதை. வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மாமாவும் மாமியும் பின்வளவில் தங்களுக்கென்று இரண்டு அறை போடுகிறார்கள், இந்த ரீப்பையெல்லாம் அந்தக் கூரைக்குத்தான், ஆனாலும் வீட்டுக்காரர் அவர்கள், விருந்தாளி அவன். குடித்த கோப்பையைக் கழுவப் போனால் ஸைனம்பு மாமி ஓடிவந்து பறித்துக்கொள்வார், இறைச்சியில் நல்ல துண்டு அவனுக்கு, காற்றாடி அவன் பக்கம், மாமா அவன் முன்னால் சத்தமாக இருமக்கூட மாட்டார். சரி, பிறந்த வீட்டிலாவது? சாகாமத்து வயலில் வரம்பு கட்டும்போது வாப்பா ஏசாத நாள் உண்டா, மண்வெட்டி பிடிக்கத் தெரியாதவன், சோத்துக்குப் பாரம் என்று பக்கத்து வயல்காரனுக்கும் கேட்க ஏசுவார், போன வெள்ளிக்கிழமை போனால் அதே வாப்பா எழும்பிக் கதிரை எடுத்துப் போடுகிறார், இரிங்க மகன் என்கிறார். திரும்பி வரும்போது பஸ்ஸில் கண் கலங்கியதை ஆகிலாவிடம்கூட அவன் சொல்லவில்லை. அங்கேயும் விருந்தாளி, இங்கேயும் விருந்தாளி, அப்படியென்றால் அவன் எந்த வீட்டுப் பிள்ளை...

அந்த யோசனையில் கை பலகையைக் கொஞ்சம் இழுத்துவிட்டது. கொஞ்சம்தான். பலகை பக்கத் தடுப்பை விட்டு விலகி, வாளில் இறுகி, மெசின் முக்கி, கருகல் மணம் எழும்பி, பலகை மாமாவின் வயிற்றுப் பக்கம் உதைத்தது. மாமா ஒதுங்கிக்கொண்டு மெசினை நிறுத்தினார்.

"டேய் மடையா! இழுக்காதடா! வாறத்த வாங்க நிக்கச் சொன்னா இழுக்கிறாய், என்னக் கொல்லப் பாக்கிறியா?"

சத்தம் கேட்டு ஸைனம்பு மாமி கை ஈரத்தோடு ஓடிவந்தார். "என்னங்க இது, மருமகன இப்பிடியா ஏசுற? ஊர் கேட்டாக் காறித் துப்பும்!" மாமாவுக்கு முகம் செத்துப்போயிற்று. மனசில ஒண்டும் வெச்சிக்காதீங்க மருமகன், வாய் தவறிட்டு, நீங்க உள்ளுக்க போய் இரிங்க என்றார். இரிங்க! அந்தச் சொல்தான் இன்ஸாபைப் பயமுறுத்தியது. இத்தனை நாள் காத்திருந்தது இப்போதுதான் வந்தது, வந்த சூட்டோடு போகவும் பார்க்கிறதே, உள்ளே போய் உட்கார்ந்தால் இனி வாழ்நாளுக்கும் அந்தக் கதிரைதான். பயந்த பயமும் இருந்தது, ஆனால் வெட்கத்தை விட்டுச் சொன்னால் பாதிக்கு மேல் சந்தோசம். மடையன்! எவ்வளவு வாய் நிறைய ஏசினார் மனிதர்!

"பிழ என்ட கையிலதான் மாமா. அடுத்த பலகைய விடுங்க."

மாமி முணுமுணுத்தபடி போனார். மாமா கருகிய துண்டை ஒதுக்கி, மெசினைப் போட்டார். இந்த முறை இன்ஸாப் இழுக்கவில்லை, பலகை தானாக வந்தது, ரீப்பை நூல் பிடித்த மாதிரிப் பிரிந்தது. நிமிர்ந்து பார்த்தால் மெசின் இரைச்சலுக்குள் மாமாவின் வாய் அசைந்துகொண்டிருக்கிறது. அல்லாஹ் பேரில் பிஸ்மி சொல்கிறாரா, அல்லது இன்னும் ஏசி முடியவில்லையா? ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுப் பார்க்கலாம்தான்... கேட்டால் மறுபடி மரியாதையாகப் பதில் வந்துவிடுமே என்று பயந்து, அடுத்த ரீப்பையை வாங்கினான்.