மூடியை முகர்கிறவர்

பால் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான பரிசோதகிக்கு, ஒரு வாரமாகத் தலைவரின் மூக்கைப் பற்றித்தான் யோசனை.

பாலில் தண்ணீர் கலந்தால் அவளுடைய கருவி சொல்லிவிடும். புளிக்கத் தொடங்கியதை மூக்குதான் முதலில் கண்டுபிடிக்கும். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன், சங்கம் தொடங்கிய முதல் மாதமே ஒரே ஒரு கேன் புளித்த பால் தொட்டியில் கலந்து, ஊர்ப்பால் மொத்தமும் சாக்கடைக்குப் போனது. மறுநாளிலிருந்து ஒவ்வொரு மூடியையும் தலைவர் முகர்ந்து பார்த்த பிறகே பால் தொட்டிக்குப் போகும். சம்பளம் கிடையாது. பாலம் உடைந்த வருஷம் கேனைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்தவர். மகள் கல்யாணத்தன்றும் வண்டியில் பால் ஏற்றிவிட்டுத்தான் மண்டபத்துக்குப் போனவர்.

இப்போதோ மூடியைத் திறந்து, பெயருக்கு ஒருதரம் முகர்ந்துவிட்டு, பால் கொண்டுவந்தவரிடமே நீட்டுகிறார். "நீயே மோந்து சொல்லு."

கேட்டால், இரண்டு வருஷமாக இப்படித்தான் என்றார்கள். போன வாரம் மோட்டார் கருகி அறையே நாறியது. எல்லாரும் வெளியே ஓட, தலைவர் மட்டும் நிதானமாகப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அன்றுதான் அவளுக்குப் பொறி தட்டியது.

சும்மா விடக்கூடிய விஷயமில்லை. ஒரு லோடு பால் கெட்டுத் திரும்பினாலும் இந்த ஊரில் பால் எடுப்பதையே நிறுத்திவிடுவோம் என்று, சங்கத்திடம் பால் வாங்கும் பெரிய பண்ணையிலிருந்து கடிதம் வந்திருந்தது. எண்பது வீட்டு மாடுகளின் பால் அந்தப் பண்ணையை நம்பித்தான்.

அவள் ஒரு வேலை செய்தாள். பரிசோதனைக்கு எடுத்துவைத்த பழைய பால் புளித்துக் கிடந்ததை ஒரு சின்னக் கேனில் ஊற்றி, மறுநாள் காலை வரிசையின் கடைசியில் வைத்தாள்.

"இது யார் கேன்?" என்றார் தலைவர்.

"பக்கத்து வீட்டுல குடுத்தனுப்பினாங்க, தலைவரே."

மூடியைத் திறந்தார். முகர்ந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மூடியை அவளிடம் நீட்டினார். "நீயே சொல்லும்மா."

புளித்த நாற்றம் மூக்கில் ஏறியது. "நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

இன்னொரு தரம் பார்ப்பார், தயங்குவார் என்றுதான் நினைத்திருந்தாள். அவர் கேனை அப்படியே தூக்கித் தொட்டியின் வாயில் சாய்த்தார்.

"ஐயோ, ஊத்தாதீங்க!" பாய்ந்து கேனைப் பின்னால் இழுத்தாள். புளித்த பால் அவள் கையிலும் தரையிலும் கொட்டியது. தொட்டிக்குள் ஒரு சொட்டு விழவில்லை.

தலைவர் தரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"காய்ச்சல்ல மூக்கு போச்சு. ரெண்டு வருஷமாச்சு," என்றார். "இத்தனை நாள்ல ஒருத்தர்கூடப் பொய் சொல்லல. கெட்டுப்போச்சுன்னா அவங்களே திருப்பி எடுத்துட்டுப் போயிடுவாங்க. நீதான் மொதல் ஆளு."

வரிசையில் நின்ற ஒற்றை எருமைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அவருக்கு மூக்கு போனது என் எருமைக்கே தெரியும். உனக்கு இப்பதான் தெரியுதா?"

"எல்லாருக்கும் தெரியுமா?" திரும்பிக் கேட்டவர் தலைவர்தான்.

வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

"தெரிஞ்சும் ஏன்டி சொல்லல?" என்று எருமைக்காரியைக் கேட்டார்.

"நீங்க மட்டும் சொன்னீங்களாக்கும்?"

"சொன்னா வீட்டுல உக்காருன்னுடுவீங்க," என்றார் தலைவர். "உக்காந்து என்ன பண்ண?"

பரிசோதகி தலையைக் குனிந்துகொண்டு தரையைக் கழுவினாள். கடிதத்தை நினைத்தால் தான் செய்தது சரி என்றும் தோன்றியது. தொட்டியை நினைத்தால் அப்படித் தோன்றவில்லை.

தரையைக் கழுவி முடித்தபோது தாமதமாக ஒருவர் கேனோடு வந்தார். தலைவர் மூடியைத் திறந்தார். இந்தத் தரம் தன் மூக்கருகே கொண்டுபோகவில்லை. வந்தவர் முகர்ந்து, நல்ல பால்தான் என்று தலையாட்டினார். பிறகு அதே மூடியைப் பரிசோதகியிடம் நீட்டினார் தலைவர். "இனிமே ரெண்டாவது மூக்கு உன்னோடது."

வாங்கி முகர்ந்தாள். புளிப்பு. திடுக்கிட்டு, மறுபடி முகர்ந்தாள்.

"மொதல்ல கையக் கழுவிட்டு வாம்மா," என்றார் தலைவர்.